சிரிப்பும் அச்சமும்: லெனாட் றொசிற்றரின் நடிப்புக் கலை பற்றி ஒரு நோக்கு

கவிஞனுக்கு ஏடு உண்டு. சிற்பிக்குக் கல் உண்டு. மேடை நடிகனுக்கோ திரை விழுந்த பின்னர் எஞ்சுவன பார்த்தவர் நினைவும் பத்திரிகை மதிப்புரைகளுமே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொலைக்காட்சி பரவியதும் இந்நிலையில் ஒரு மாற்றம் நேர்ந்தது. நடிகனின் உழைப்பில் ஒரு பகுதி ஒளிப்பதிவு நாடாவில் தங்கலாயிற்று. ஆயினும் தங்கிய பகுதியே அவன் முழுமை எனக் கொள்ளப்படும் ஆபத்தும் அதனோடு கூடவே வந்தது. இந்த ஆபத்துக்கு உள்ளான ஆங்கில நடிகர்களுள் லெனாட் றொசிற்றர் முதன்மையானவர்.

றொசிற்றர் 1984ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆம் திகதி இலண்டனில், நாடகம் ஒன்று நடந்துகொண்டிருக்கையில் மேடைக்குச் செல்லக் காத்திருந்த வேளையில், தம் ஐம்பத்தேழாவது வயதிற் காலமானார். அன்று அவரைப் பற்றி இருவேறு மதிப்பீடுகள் நிலவின. தொலைக்காட்சி பார்த்த கோடிக்கணக்கான பிரித்தானிய மக்களுக்கு அவர் றிக்ஸ்பி என்ற கஞ்ச வீட்டுக்காரர். றெஜினோல்ட் பெறின் என்ற மனம் உடைந்த உத்தியோகத்தர். நாடக அரங்கை அறிந்தோர்க்கோ அவர் பிரெக்ற்றின் ஆர்ட்டூரோ ஊயியை ஆங்கில மேடையில் நிலைநாட்டிய பெருங்கலைஞர். முன்னது வயிற்றுப்பாட்டுக்கான கேளிக்கை, பின்னது உயர்கலை என இவ்விரண்டையும் பிரித்து நோக்குவது வழக்கமாயிற்று. இப்பிரிப்புப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படவேண்டிய வினா. அவர் ஏற்ற வேடங்களை ஒருசேர வைத்து நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் ஒரே மனிதனின் வெவ்வேறு முகங்களே என்பது தெளிவாகும். அம்மனிதன் கீழ் நடுத்தர வர்க்கத்தைச் சேர்ந்தவன்; தனக்கு மேலுள்ளோருக்கு அஞ்சுபவன்; தனக்குக் கீழே யாராவது இருக்கவேண்டுமென ஏங்குபவன்.

இந்த மனிதனை றொசிற்றர் நூல்களிற் கற்றவரல்லர். 1926ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதி லிவர்பூல் நகரில், தந்தையின் முடிதிருத்தும் நிலையத்தின் மேல்மாடியில் அமைந்த இல்லத்திற் பிறந்தார் அவர். லிவர்பூல் கொலிஜியேற் பாடசாலையிற் கற்ற அவருக்குப் பல்கலைக்கழகம் சென்று நவீன மொழிகளைப் பயிலும் ஆவல் இருந்தது. இரண்டாம் உலகப் போரில், தொண்டர் அம்புலன்ஸ் சேவையில் ஈடுபட்டிருந்த தந்தை குண்டுவீச்சிற் பலியானார். தாயைத் தாங்கவேண்டிய பொறுப்பு மகன் மீது விழுந்தது; பல்கலைக்கழகக் கதவு மூடிற்று. படைச்சேவையிற் சிலகாலம் கழித்துத் திரும்பிய அவர், காப்புறுதி நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் இலிகிதராகப் பணிபுரிந்தார். கணக்கேடு, மேலதிகாரியின் முகக்குறிப்பு, அடுத்த பதவிக்கான காத்திருப்பு, ஞாயிறு மாலையில் மனத்திற் படரும் திங்கட்கிழமையின் நிழல் ஆகியனவே அவ்வாழ்க்கையின் உள்ளடக்கம். பிற்காலத்தில் மேடையிலும் திரையிலும் அவர் கொண்டுவந்து நிறுத்திய மனிதர்கள் பலர் இந்த மேசைகளுக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்தவர்களே.

நடிப்பில் அவர் ஈடுபட்டமை தற்செயலாகவே நிகழ்ந்தது. தோழி ஒருத்தி பங்குகொண்ட பயில்முறை நாடகக் குழுவின் நடிப்பைக் கண்டு எள்ளிய அவர், அதனிலும் சிறப்பாகத் தம்மால் நடிக்க இயலும் என்றார் எனவும், அவ்வாறாயின் நடித்துக் காட்டுக என்ற அறைகூவலை ஏற்று மேடையேறினார் எனவும் கூறுவர். வேலைநாள் முடிந்த பின்னர் மாலைகளில் நடித்த இக்கலைஞர், 1954ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதில், நிலையான ஊதியத்தைக் கைவிட்டுப் பிறெஸ்ரன் நகர நாடகக் குழுவிற் சேர்ந்தார். நாடகக் கல்லூரி எதிலும் அவர் பயின்றதில்லை.

அக்கால ஆங்கில மாகாண அரங்கின் இயல்பு இவ்விடத்து நோக்கற்பாலது. சிறு நகர்கள் பலவற்றில் நிலையான நாடகக் குழுக்கள் இயங்கின. ஒவ்வொரு வாரமும் புதிய நாடகம் ஒன்றை மேடையேற்றுவது அவற்றுட் பலவற்றின் நடைமுறை. இரவில் ஒரு நாடகத்தை நடித்துக்கொண்டே பகலில் அடுத்த வார நாடகத்திற்கு ஒத்திகை பார்க்கவேண்டும். அதற்கடுத்த வார நாடகத்தின் வசனங்களையும் மனனஞ் செய்யவேண்டும். பத்தொன்பது மாதங்களில் ஏறத்தாழ 75 வேடங்களை றொசிற்றர் ஏற்றார் என்று கூறப்படுகின்றது. பாத்திரத்தின் உள்மனத்தை ஆறுதலாக ஆராய்வதற்கு அங்கு அவகாசம் இல்லை. நடையிலும் தோளின் சாய்விலும் குரலின் வேகத்திலும் பாத்திரத்தை உடனடியாகக் கண்டுபிடிக்கவேண்டும். புறத்திலிருந்து அகத்தை நோக்கிச் செல்லும் இம்முறையே இறுதிவரை அவருடைய நடிப்பின் அடித்தளமாயிற்று. அவரது உடல் ஓயாது இயங்குவது. கை ஒன்றைத் தொட்டுப் பின்வாங்கும். கழுத்து முன்னே நீண்டு பின்னர் உள்ளிழுக்கும். சொற்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். இந்த வேகத்தை வெறும் சாமர்த்தியம் எனல் தவறு. நின்றால் பிடிபட்டுவிடுவோம் என அஞ்சும் மனிதனின் வேகம் அது.

1956ஆம் ஆண்டில் ஜோன் ஒஸ்போணின் நாடகம் ஒன்று இலண்டனில் மேடையேறியதைத் தொடர்ந்து ஆங்கில அரங்கிலும் திரைப்படத்திலும் புதியதோர் அலை எழுந்தது. வடபுலத்துத் தொழிலாள வர்க்க இளைஞர் கதாநாயகராயினர். அல்பேட் பின்னி, ரொம் கோட்னி முதலியோர் அவ்வலையின் முகங்களாயினர். றொசிற்றரும் வடபுலத்தவரே, எனினும் அவர் ஏற்றவை வேறு வகையான வேடங்கள். 1963இல் வெளிவந்த ‘பில்லி லயர்’ திரைப்படத்தில், கனவு காணும் இளைஞன் பில்லியாகக் கோட்னி தோன்ற, அவ்விளைஞன் பணிபுரியும் ஈமச்சடங்கு நிறுவனத்தின் முதலாளியாக றொசிற்றர் தோன்றினார். புதிய அலையின் நாயகர்கள் ஓடித் தப்ப விரும்பிய மேசைக்கு மறுபுறத்தில் இருந்தவர் அவர். கிளர்ச்சி செய்யும் இளைஞனை அக்கலையுலகம் போற்றிய வேளையில், கிளர்ச்சி செய்யாது எஞ்சியவன் நிலை யாது என்ற வினாவை அவர் நடிப்பு எழுப்பிற்று. அவ்வினா அன்று பலராலும் கேட்கப்படாத ஒன்று.

1962இல் கொவென்றி நகரின் பெல்கிறேட் அரங்கில் டேவிட் ரேணரின் ‘செமி டிற்றாச்ட்’ என்னும் நாடகம் மேடையேறியபோது, அதன் நாயகனான பிரெட் மிட்வே என்ற காப்புறுதி முகவரின் வேடத்தை றொசிற்றர் ஏற்றார். எவ்வழியிலேனும் சமூகப் படிநிலையில் ஒருபடி மேலேறத் துடிக்கும் புறநகர்க் குடும்பத் தலைவன் அவன். ஆறு ஆண்டுகள் காப்புறுதி இலிகிதராக இருந்தவருக்கு இப்பாத்திரம் அந்நியமன்று. நாடகம் இலண்டனுக்குச் சென்றபோது அவ்வேடம் லோறன்ஸ் ஒலிவியேக்கு அளிக்கப்பட்டது. அக்காலத்தின் தலைசிறந்த நடிகர் எனப் போற்றப்பட்ட ஒலிவியே அதிற் சோபிக்கவில்லை. 1963இல் நியூயோர்க் சென்ற தயாரிப்பில் றொசிற்றரே நடித்தாராயினும் அங்கும் நாடகம் நீடிக்கவில்லை. எனினும் இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகின்றது. மன்னர்களின் வீழ்ச்சியைக் காட்டவல்ல பெருநடிகருக்கும் புறநகர்க் காப்புறுதி முகவரின் சிறுமை எளிதிற் கைவருவதன்று. சிறுமையை உள்ளிருந்து அறிவதும் ஒரு புலமையே.

அப்புலமை தன் முழு வீச்சை அடைந்தது பிரெக்ற்றின் நாடகத்தில். ஹிற்லரிடமிருந்து தப்பி பின்லாந்தில் தங்கியிருந்த வேளையில், 1941இல், பிரெக்ற் இதனை எழுதினார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1958இல், ஜெர்மனியில் அது முதன்முதல் மேடையேறிற்று. சிக்காகோ நகரின் கோலிபிளவர் வியாபாரிகள் நெருக்கடியொன்றிற் சிக்குகின்றனர். அவர்களுக்குப் பாதுகாப்பளிப்பதாகக் கூறி நுழையும் ஆர்ட்டூரோ ஊயி என்ற காடையன், படிப்படியாக அவர்களையே அடக்கி நகரைக் கைப்பற்றுகின்றான். ஜெர்மனியின் நிலவுடைமையாளரும் தொழிலதிபரும் ஹிற்லரை வளர்த்த கதையே வியாபாரக் கதையாக மாற்றப்பட்டுள்ளது. ஊயியின் எழுச்சி தடுத்திருக்கக்கூடிய எழுச்சி என்பதை நாடகத்தின் தலைப்பே கூறுகின்றது. பாசிசம் விதியன்று, மனிதர் அஞ்சியும் இலாபம் கருதியும் அனுமதித்த ஒன்று என்பதே பிரெக்ற்றின் வாதம்.

மைக்கல் பிளேக்மோரின் நெறியாள்கையில் இந்நாடகம் 1967இல் கிளாஸ்கோ சிற்றிசன்ஸ் அரங்கில் மேடையேறியது. 1968இல் எடின்பரோ விழாவிலும் 1969இல் இலண்டன் சவில் அரங்கிலும் அது நிகழ்ந்தது. நாற்பதைத் தாண்டிய றொசிற்றர் ஒரே நாடகத்தால் முதன்மை நடிகர்களின் வரிசைக்கு உயர்ந்தார். சிரிப்பையும் அச்சத்தையும் ஒருங்கே எழுப்பிய நடிப்பு அது என்பது பார்த்தோரின் பொதுவான கருத்து. இது எங்ஙனம் இயன்றது என்பதே சிந்திக்கத்தக்கது. நாடகத்தில் ஒரு காட்சி உண்டு. நிலைகெட்ட பழைய நடிகன் ஒருவனிடம் ஊயி பாடம் கேட்கின்றான். எங்ஙனம் நடப்பது, எங்ஙனம் நிற்பது, எங்ஙனம் அமர்வது, எங்ஙனம் பேசுவது என்பனவற்றைக் கற்றுக்கொள்கின்றான். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீஸர்’ நாடகத்தில் மார்க் அன்ரனி ஆற்றும் உரை அங்கே பாடநூலாகின்றது. பாடத்தின் முடிவில் அரங்கினர் காண்பது ஹிற்லரை. அதிகாரம் என்பது பயிலப்பட்ட நடிப்பே என்பதை இக்காட்சி அம்பலப்படுத்துகின்றது.

பாத்திரத்தை உடலிலிருந்து கண்டடையும் நடிகனுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி அமைதல் அரிது. கூனிக்குறுகிய உடலொன்று விறைத்து நிமிர்வதைப் பார்ப்பவர் முதலிற் சிரிப்பர். சிரிப்பு முடியுமுன் அந்த நிமிர்வு நிலைபெற்றுவிடும். பாத்திரத்தோடு இரசிகன் ஒன்றிவிடாது விலகிநின்று சிந்திக்கவேண்டும் என்பது பிரெக்ற்றின் அரங்கக் கொள்கை. அக்கொள்கையைச் செயற்படுத்தப் புகுந்த தயாரிப்புகள் பல வறட்டுப் பிரசாரமாய் முடிந்தமை உண்டு. றொசிற்றருக்கோ வாராந்த அரங்கின் நகைச்சுவைப் பயிற்சியே விலகலுக்கு வழிசெய்தது. ஊயி தனக்கு அளிக்கப்படாத மரியாதைக்காகக் குமுறும் சிறுமனிதன். அவனுடைய ஏக்கம் அரங்கில் அமர்ந்திருந்தோர்க்கு அந்நியமானதன்று. நாடகத்தின் அச்சம் எழுவது அங்கேதான்.

இதன் பின்னர் 1971இல் நொட்டிங்ஹாம் அரங்கில் மூன்றாம் றிச்சேட் ஆகவும், 1972இல் இலண்டன் மேர்மெய்ட் அரங்கில் ஹறல்ட் பின்ரரின் ‘கெயர்ரேக்கர்’ நாடகத்தில் டேவிஸ் ஆகவும் அவர் தோன்றினார். டேவிஸ் வீடற்ற நாடோடி. இரக்கங்காட்டி இடமளித்தவனிடம் முதலிற் குழைகின்றான். காலூன்றியதும் அதிகாரஞ் செலுத்த முனைகின்றான். அயலில் வாழும் வெளிநாட்டாரையும் கறுப்பின மக்களையும் எந்நேரமும் குறைகூறுகின்றான். தன்னிலும் தாழ்ந்தவர் என ஒரு சிலரைச் சுட்டிக்காட்டுவதன்றி அவனுக்கு வேறு உடைமை இல்லை. டேவிஸை நடித்த மறு ஆண்டே றொசிற்றர் ஏற்ற வேடம் தொலைக்காட்சி வரலாற்றில் இடம்பெற்ற ஒன்றாகும். நாடோடியின் இடத்தில் இப்போது வீட்டுக்காரன், மனநிலையோ அதுவே.

எரிக் சப்பெலின் ‘பனானா பொக்ஸ்’ நாடகம் 1973இல் இலண்டன் அப்பலோ அரங்கில் நிகழ்ந்தபோது, பாழடைந்த வீடொன்றின் அறைகளை வாடகைக்கு விடும் றூக்ஸ்பியாக றொசிற்றர் நடித்தார். யோர்க்ஷயர் தொலைக்காட்சி அந்நாடகத்தைத் தொடராக்கியது. றூக்ஸ்பி, றிக்ஸ்பி ஆனான். சுவரில் ஏறும் ஈரக்கசிவைக் குறிக்கும் ‘றைசிங் டாம்ப்’ என்ற பெயரில் 1974 முதல் 1978 வரை 28 பகுதிகள் ஒளிபரப்பாயின. பழைய கம்பளிச் சட்டையும் கையிற் பூனையுமாக, கதவைத் தட்டாமலே வாடகையாளர் அறைகளுள் நுழைபவன் றிக்ஸ்பி. போரிற் பெற்ற வீரத்தழும்பு பற்றி அளப்பான், மிஸ் ஜோன்ஸ் என்ற பெண்ணைக் கவர முயன்று ஒவ்வொரு வாரமும் தோற்பான், மாணவர்களை உளவுபார்ப்பான்.

அவ்வீட்டில் வாழும் பிலிப் என்ற கறுப்பின இளைஞன் ஆபிரிக்க இனத்தலைவன் ஒருவனின் மகன் எனத் தன்னைக் கூறிக்கொள்கின்றான். டொன் வாறிங்ரன் அப்பாத்திரத்தை நிதானமும் நாகரிகமும் பொலிய நடித்தார். பிலிப்பைக் காட்டுவாசியாகக் கருதும் றிக்ஸ்பியே அறியாமையில் உழல்பவன் என்பது காட்சிதோறும் வெளிப்படும். இத்தொடர் வெளிவந்த காலச்சூழலை மறத்தலாகாது. 1968 ஏப்ரலில் ஈனொக் பவல் பேர்மிங்ஹாமில் ஆற்றிய உரை குடியேறியோர் மீதான வெறுப்பை அரசியல் மேடைக்குக் கொணர்ந்தது. 1971இல் குடிவரவைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. தொலைக்காட்சி நகைச்சுவையோ இனப்பெயர்களைச் சொல்லிச் சிரிக்கவைப்பதில் இலாபங் கண்டது. அக்காலத் தொடர்கள் சில வெள்ளையனும் கறுப்பனும் சமமாக ஏசிக்கொள்வதை நகைச்சுவை எனக் காட்டின. ‘றைசிங் டாம்ப்’ அவற்றினின்றும் வேறுபட்டது. இங்கே ஏச்சு இருவழிப்பட்டதன்று. பிலிப் அமைதியாக நிற்கின்றான். றிக்ஸ்பி தன் சொற்களில் தானே சிக்கி வீழ்கின்றான்.

இங்கு எதிர்வாதம் ஒன்றும் உண்டு. இனவாதியைப் பார்த்துச் சிரிப்பதாக எழுத்தாளன் கருதலாம். பார்ப்பவன் இனவாதியோடு சேர்ந்து சிரிக்கக்கூடும். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. றிக்ஸ்பி இரசிகர்களால் விரும்பப்பட்ட பாத்திரம் என்பது உண்மை. விருப்பம் விமர்சனத்தை மழுக்கும் என்பதும் உண்மை. ஆயின் றொசிற்றரின் நடிப்பிற் கூர்ந்து நோக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. பிலிப் எதிரே நிற்கையில் றிக்ஸ்பியின் பேச்சு ஓங்கும்; உடலோ பின்வாங்கும். வாய் ஆளும் இனத்தைச் சேர்ந்தவனாகப் பேச, கண்களும் தோள்களும் அச்சத்தைக் காட்டிக்கொடுக்கும். உயர்வு என்று கூறிக்கொள்வதன் அடியில் உள்ளது தாழ்வச்சமே என்பதை எழுத்தில் இல்லாத அளவுக்கு நடிப்பு உணர்த்திற்று. சிரிப்பவன் தன்னையும் அந்தப் பின்வாங்கலிற் காண நேரும். ஊயியை ஆடிக்காட்டிய நடிகரே றிக்ஸ்பியாக முடிந்தார் என இரங்குவோர் இதனைக் கவனித்தாரல்லர். ஊயியின் வெறியும் றிக்ஸ்பியின் சிறுமையும் ஒரே வேரில் எழுந்தவை. ஒருவனுக்கு நகரம் கிடைத்தது. மற்றவனுக்கு ஒழுகும் கூரையுடன் ஒரு வீடு மட்டுமே கிடைத்தது.

தொலைக்காட்சித் தயாரிப்பு முறையையும் இவ்விடத்துக் குறிப்பிடல் வேண்டும். அக்கால நகைச்சுவைத் தொடர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் ஒத்திகை பார்க்கப்பட்டு, ஓரிரவிற் கலையகத்திற் கூடிய பார்வையாளர் முன்னிலையில் ஒளிப்பதிவு செய்யப்பட்டன. ஒரு வாரத்தில் ஒரு நாடகம் என்பது பிறெஸ்ரனில் றொசிற்றர் பயின்ற அதே ஒழுங்கு. பார்வையாளரின் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அளந்து அடுத்த சொல்லை இடும் கலை மேடையிலிருந்தே அங்குச் சென்றது. எனவே மேடையைத் தொலைக்காட்சி விழுங்கிற்று என்பதிலும், அழிந்துகொண்டிருந்த மாகாண அரங்கின் தொழில்நுட்பம் தொலைக்காட்சியிற் புகலிடம் கண்டது என்பதே பொருத்தமாகும்.

பி.பி.சி. 1976 முதல் 1979 வரை மூன்று தொகுதிகளாக ஒளிபரப்பிய ‘றெஜினோல்ட் பெறினின் வீழ்ச்சியும் எழுச்சியும்’ இம்மனிதனின் மற்றொரு முகத்தைக் காட்டிற்று. டேவிட் நொப்ஸ் தம் நாவலைத் தழுவி இதனை எழுதினார். இனிப்புப் பண்டம் தயாரிக்கும் நிறுவனத்தின் உத்தியோகத்தன் பெறின். நாள்தோறும் அவனது புகையிரதம் பதினொரு நிமிடம் தாமதிக்கும். நாள்தோறும் அவன் அதனை அறிவிப்பான். முதலாளியின் ஆரவாரப் பேச்சு, அர்த்தமற்ற கூட்டங்கள், புதிய ஐஸ்கிறீம் சுவை பற்றிய ஆராய்ச்சி என்பவற்றிடையே அவன் மனம் சிதைகின்றது. இறுதியிற் கடற்கரையில் ஆடைகளைக் களைந்து வைத்து, இறந்தவனாக உலகம் கருதுமாறு மறைகின்றான். பின்னர் வேறு பெயரிலும் வேடத்திலும் தன் நினைவஞ்சலிக் கூட்டத்திற்கே வந்துசேர்கின்றான்.

உழைப்பவன் தன் உழைப்பிலிருந்து அந்நியமாதல் பற்றி அக்காலத்திற் சமூகவியலாளர் நிறைய எழுதினர். அதனைக் கோடிக்கணக்கான வீடுகளின் வரவேற்பறைகளுள் கொண்டு சென்றது ஒரு நகைச்சுவைத் தொடரே. பெறினாக றொசிற்றர் காட்டிய நடிப்பு றிக்ஸ்பியினின்றும் வேறானது. றிக்ஸ்பியின் பதற்றம் வெளியே தெறிப்பது. பெறினின் பதற்றம் உள்ளே அடக்கப்பட்டுத் திடீரென ஒரு சொல்லில் வெடிப்பது. மரியாதையான வாக்கியம் ஒன்றின் நடுவே பொருந்தாச் சொல்லொன்று தானாக வந்து விழும். அதனைக் கேட்டுப் பெறினே திகைப்பான். மொழி தன் எசமானனுக்குக் கீழ்ப்படிய மறுக்கும் அக்கணங்கள் நகைப்புக்குரியன. அதேவேளை ஒரு மனிதன் உடைவதன் துல்லியமான சித்திரங்களுமாம்.

இரண்டாந் தொகுதியில் பெறின் பயனற்ற பொருள்களை மட்டும் விற்கும் கடையைத் திறக்கின்றான். வியாபாரத்தை எள்ளுவதே அவன் நோக்கம். ஆனால் கடை பெருவெற்றி பெறுகின்றது. எள்ளலையே பண்டமாக்கி விற்றுவிடும் சமூகத்தின் வல்லமையை இதைவிடக் கூர்மையாகச் சொல்லுதல் கடினம். மூன்றாந் தொகுதியில் நடுத்தர வர்க்கத்தினருக்கான சமுதாய வாழ்வகம் ஒன்றை அமைக்கின்றான், அது சிதைகின்றது, இறுதியில் மீண்டும் ஒரு நிறுவனத்தில் உத்தியோகத்தனாகவே அமர்கின்றான். தப்பியோடியவன் வட்டமிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே வந்துசேர்கின்றான்.

தொலைக்காட்சித் தொடரின் குறைபாடும் இங்கேயே வெளிப்படுகின்றது. தொடர் நீடிக்கவேண்டுமாயின் நிலைமை மாறலாகாது. றிக்ஸ்பி எதனையும் கற்றுக்கொள்ளலாகாது. கற்றால் அடுத்த வாரம் கதையில்லை. மாற்றமுடியும் என்பதைக் காட்டவே பிரெக்ற் நாடகம் எழுதினார். மாறாமையின் மேலேயே தொலைக்காட்சி நகைச்சுவை தன் வீட்டைக் கட்டியது. அதுமட்டுமன்று. பெறின் மூலம் நுகர்வு மோகத்தை நையாண்டி செய்த அதே நடிகர், 1978 முதல் 1983 வரை மதுவகை ஒன்றின் விளம்பரங்களில் ஜோன் கொலின்ஸுடன் தோன்றினார். ஒவ்வொரு விளம்பரத்திலும் அவர் தம் மதுவை அந்நடிகையின் ஆடைமேற் கொட்டுவார். நாடு முழுவதும் சிரித்தது. எள்ளலைப் பண்டமாக்கும் பெறினின் கடை கதையில் மட்டும் இருக்கவில்லை. 1984இல் அவர் நடித்த பல்பொருள் அங்காடி முகாமையாளர் பற்றிய தொடர், முன்னைய தொடர்களின் நிழலாகவே அமைந்தது. மக்கள் விரும்பும் ஒன்றை மீண்டும் மீண்டும் செய்யுமாறு தூண்டும் தொழிற்றுறையின் பிடியில் அவரும் இருந்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அவர் மேடையைக் கைவிடவில்லை. 1976இல், தொலைக்காட்சிப் புகழின் உச்சியில், கிரீனிச் அரங்கில் மோலியேரின் தார்த்தூப் ஆகத் தோன்றினார். 1980இல் மைக்கல் பிறேயினின் ‘மேக் அன்ட் பிறேக்’ நாடகத்தில், நெறியாளர் பிளேக்மோருடன் மீண்டும் இணைந்து, பிராங்பேட் வர்த்தகச் சந்தையில் கட்டடச் சுவர்களையும் கதவுகளையும் விற்கும் கறாட் என்ற வணிகனாக நடித்தார். சந்திக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் தன் வியாபாரத்துக்கு யாது பயன் என்று மட்டுமே நோக்குபவன் கறாட். பெறினைத் தொழில் உடைத்தது. கறாட்டிடமோ தொழிலைத் தவிர எஞ்சுவது ஒன்றுமில்லை. இரண்டையும் ஒருவரே அடுத்தடுத்து நடித்தமை, வேலைக்குள் மனிதன் என்னாகின்றான் என்ற ஒரே வினாவின் இரு விடைகளைத் தந்தமையாகும்.

1984இல் ஜோ ஓர்ற்றனின் ‘லூட்’ நாடகத்தில் துப்பறியும் அதிகாரி ட்றஸ்கொற் ஆக அவர் இலண்டனில் நடித்தார். சட்டத்தின் பெயரால் சட்டத்தை மீறுபவன் ட்றஸ்கொற். தண்ணீர்ச் சபை அதிகாரி எனக் கூறி வீட்டினுள் நுழைபவன். அடித்து உண்மையை வரவழைப்பவன். ஈற்றிற் கையூட்டில் பங்கு கொள்பவன். ஊயியின் குண்டாந்தடியும் றிக்ஸ்பியின் ஒட்டுக்கேட்டலும் பெறினின் அலுவலக மொழியும் ஒன்றுசேர்ந்த பாத்திரம் அது எனலாம். அந்நாடகம் நடந்துகொண்டிருக்கையிலேயே அவர் மறைந்தார். அவர் நடித்திருந்த ஷேக்ஸ்பியரின் ‘ஜோன் மன்னன்’ பி.பி.சி. தொலைக்காட்சியில் 1984 நவம்பரில், அவர் இறந்த பின்னர், ஒளிபரப்பாகியது. உரிமை உறுதியற்ற அரியணையில் அமர்ந்து, அமர்ந்திருப்பதை எண்ணியே அஞ்சும் அரசன் ஜோன். முடி சூடியபோதும் றொசிற்றரிடம் வந்து சேர்ந்தது அந்தப் பழைய அச்சமே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மேடைக் கலைஞர் றொசிற்றர் என்றும் தொலைக்காட்சிக் கோமாளி றொசிற்றர் என்றும் இருவர் இல்லை என்பது புலனாகும். உயர்ந்த அரங்குக்கு உயர்ந்த வேடம், வெகுசன ஊடகத்துக்கு மலிந்த வேடம் என்று அவர் தம் ஆற்றலைப் பிரித்துக்கொண்டவரல்லர். ஒரே மனிதனை, ஒரே கூர்மையோடு, இரு சாதனங்களிலும் நடித்தார். வேறுபட்டவை சாதனங்கள் விதித்த எல்லைகள் மட்டுமே. மேடை அவருக்கு முடிவுள்ள கதையைத் தந்தது. ஆகவே அங்கு அவருடைய மனிதன் எங்கு போய் முடிவான் என்பதைக் காட்ட முடிந்தது. தொலைக்காட்சி முடிவற்ற கதையைத் தந்தது. ஆகவே அங்கு அம்மனிதன் நாள்தோறும் எங்ஙனம் வாழ்கின்றான் என்பதைக் காட்ட முடிந்தது. முதலாவதை நாடகம் பார்க்கச் சென்ற சில ஆயிரவர் கண்டனர். இரண்டாவதைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். இன்று நாடாவில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இரண்டாவதே.

எனவே றிக்ஸ்பியைக் காண்போர் ஊயியையும் உடன்வைத்துக் காணுதல் நன்று. கதவைத் தட்டாமல் நுழைபவனைக் கண்டு சிரிப்பது எளிது. அவனிடம் அந்த வீட்டின் திறப்பு மட்டுமன்றி ஊரின் திறப்புகள் அனைத்தும் கொடுக்கப்பட்டால் நேர்வது யாது என்ற வினாவும் அச்சிரிப்பினுள் அடங்கியுள்ளது. அவ்வினாவைக் கேட்கும் வண்ணம் சிரிக்கவைத்தமையே லெனாட் றொசிற்றர் என்னும் நடிகரின் சாதனை.